தோணியில் சென்ற பத்துப் பேர்

வட அட்லாண்டிக் சமுத்திரத்தில், ஸ்காட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையே, மூடுபனியும் செங்குத்துப் பாறைகளும் ஆட்டு மந்தைகளுமாகக் கிடக்கும் பேரோ தீவுகளில், 1846-ஆம் வருஷம் ஜூன் மாதம் 4-ஆம் தேதி ஒரு திமிங்கில வேட்டை நடந்தது. அந்த வேட்டைக்கென்று டியோர்னவிக் என்ற சிற்றூரிலிருந்து பத்து ஆண்கள் ஒரு தோணியில் ஏறி, வெஸ்ட்மன்ஹவன் என்ற துறைக்குப் போய், அங்கே வந்து கூடியிருந்த அயலூர் ஜனங்களோடு கலந்துவிட்டுத் திரும்பினார்கள். ஜூன் 18-ஆம் தேதி அந்தப் பத்துப் பேர் உடம்பிலும் தட்டம்மைத் தடிப்புக் கண்டது. ஒருவருக்கு முந்தியும் ஒருவருக்குப் பிந்தியும் அல்ல. பத்துப் பேருக்கும் ஒரே நாளில்.

இந்தச் சிறு சம்பவம் சரித்திரத்தில் நிலைத்ததற்குக் காரணம், வைத்தியப் பரீட்சை தேறி அதிக காலம் ஆகாத இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர், அதைக் கேட்டறிந்து தேதி தவறாமல் எழுதி வைத்ததுதான். பீட்டர் லுட்விக் பானும் என்பது அவர் பெயர். தீவுகளில் வியாதி பரவுகிறது என்ற செய்தி எட்டியதும் டென்மார்க் அரசாங்கம் அவரை அங்கே அனுப்பியது. 1781-க்குப் பிறகு அறுபத்தைந்து வருஷ காலம் தட்டம்மையையே காணாதிருந்த அந்தத் தீவுகளுக்கு, மார்ச் மாதக் கடைசியில் கோபன்ஹேகனிலிருந்து கப்பலில் வந்த ஒரு தச்சர் அதைக் கொண்டு வந்தார். ஊரை விட்டுப் புறப்படுமுன் அவர் அம்மை கண்ட சிலரைப் போய்ப் பார்த்திருந்தார். ஏப்ரல் தொடக்கத்தில் அவர் படுத்துக்கொண்டார். அடுத்தபடியாகப் படுத்தவர்கள் யாரென்று பார்த்தால், அவருடைய மிக நெருங்கிய சிநேகிதர்கள் இருவர். அங்கிருந்து கிளம்பிய வியாதி, 7,782 பேர் வாழ்ந்த தீவுகளில் சுமார் 6,000 பேரைப் படுக்கையில் தள்ளிவிட்டுத்தான் ஓய்ந்தது.

பத்துப் பேருக்கும் ஒரே நாளில் தடிப்புக் கண்டதில் அப்படி என்ன விசேஷம் என்று வாசகர் கேட்கலாம். தோணியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வந்தவர்கள் ஒருவருக்கொருவர் நோயைக் கொடுத்துக்கொண்டிருந்தால், முதல்வனுக்குக் கண்ட பிறகு, நாட்கள் பல கழித்தல்லவா இரண்டாமவனுக்குக் காண வேண்டும்? ஒரே நாளில் கண்டதால், தோணிக்குள் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஏதும் போகவில்லை என்பதும், பத்துப் பேரும் அந்த வேட்டைத் துறையிலேயே ஒரே பொழுதில் அதை வாங்கிக்கொண்டார்கள் என்பதும், வாங்கியதற்கும் தடிப்புக் காண்பதற்கும் நடுவே பதினான்கு நாள் செல்கிறது என்பதும் ஒருங்கே வெளிப்பட்டுவிட்டன. அவர்கள் படுத்து, ஏறக்குறைய அதே அளவு நாள் சென்றதும், ஊரில் மற்றவர்களுக்கும் திரளாகத் தடிப்புக் கண்டது. இவ்விதம் கிராமம் கிராமமாகத் தேதிகளை ஒப்பிட்டுப் பார்த்தே, நுண்ணோக்கியில் கிருமியைக் காணாமலும், வைரஸ் என்று ஒன்று உண்டென்பதை அறியாமலும், பதின்மூன்று பதினான்கு நாள் என்ற கணக்கைப் பானும் நிலைநாட்டிவிட்டார்.

அவருக்குத் தெரியாத ஒன்று நமக்கு இன்று தெரியும். தட்டம்மை கண்டவர், தடிப்புத் தோன்றுவதற்கு நான்கு நாள் முன்னிருந்தே, வெறும் சளியும் இருமலும் காய்ச்சலுமாக இருக்கும்போதே, அதைப் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறார். தடிப்புக்குப் பின்னும் நான்கு நாள் கொடுக்கிறார். நம் ஊர்களில் அம்மை பார்த்த வீட்டு வாசலில் வேப்பிலை செருகும் வழக்கத்தைப் பகுத்தறிவுக்காரர்கள் பரிகாசம் செய்வதுண்டு. எனக்கென்னவோ, 'உள்ளே வராதே' என்பதை எழுத்தறியாதவருக்கும் விளங்கும்படி எழுதிய அறிவிப்புப் பலகையாகவே அது தோன்றுகிறது. அதன் குறை வேறிடத்தில் இருக்கிறது: வேப்பிலை ஏறும் நாளில், அந்த வீட்டுக் குழந்தை பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பலகைக்காரனுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து நான்கு நாள் ஆகியிருக்கும்.

நோயாளியின் அருகில் இருந்தவருக்கு நோய் வருமா என்று யாரைக் கேட்டாலும் 'வரும்' என்றோ 'கடவுள் விட்ட வழி' என்றோதான் பதில் கிடைக்கும். நூற்றில் எத்தனை பேருக்கு வரும் என்று கேட்பதற்கு ஒரு தனிப் பொறுமை வேண்டும். அதற்கு உகந்த பரிசோதனைச் சாலை குடும்பம்தான். ஒரு வீட்டில் முதலில் படுத்தவரைத் தள்ளிவிட வேண்டும். ஏற்கெனவே அந்த நோய் வந்து போனவர்களையும் தள்ளிவிட வேண்டும். எஞ்சியவர்களில் எத்தனை பேர் உரிய காலம் கழித்துப் படுக்கிறார்கள் என்று எண்ண வேண்டும். உரிய காலம் என்பது இங்கே முக்கியம். முதல் குழந்தைக்குக் கண்ட மறுநாளே இரண்டாவது குழந்தைக்கும் கண்டால், இது அதனிடம் வாங்கியதல்ல, டியோர்னவிக் தோணிக்காரர்களைப் போல இரண்டும் ஒரே இடத்தில் வாங்கி வந்தவை. இவ்வாறு கிடைக்கும் எண்ணுக்கு இரண்டாம் நிலைத் தாக்கு விகிதம் என்று சாஸ்திரக்காரர்கள் கரடுமுரடான ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்ற சிறு நகரத்தில் குடும்ப வைத்தியராக இருந்த ஹோப் சிம்ப்சன், இந்தக் கணக்கைத் தம் சுற்றுவட்டாரத்துக் குடும்பங்களில் போட்டு 1952-ஆம் வருஷம் பிரசுரித்தார். நோய் முன்பு வராத சிறுவர் சிறுமியர், வீட்டில் ஒரு நோயாளியோடு இருக்க நேர்ந்தபோது, தட்டம்மையானால் நூற்றுக்குச் சுமார் 76 தடவையும், சின்னம்மையானால் 61 தடவையும், பொன்னுக்கு வீங்கியானால் 31 தடவையும் அதைப் பெற்றார்கள். வீடு ஒன்று, சாப்பாடு ஒன்று, தாயார் ஒருத்தி. இருந்தும் நோய்க்கு நோய் இவ்வளவு வித்தியாசம். பொன்னுக்கு வீங்கி பல குழந்தைகளுக்கு வீக்கமே காட்டாமல் வந்து போகிறது என்பதை நினைவில் வைத்தால் அந்தக் கடைசி எண்ணைச் சற்று உயர்த்திக்கொள்ளலாம். ஆனாலும் அருகில் இருத்தல் ஒன்றே விதியை நிர்ணயிப்பதில்லை என்பது தெளிவாகிறது.

கொரோனா வந்தபோது உலகம் முழுவதும் இதே கணக்கு மறுபடி போடப்பட்டது. 2020-இல் பல தேசத்து ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்ததில், ஒரே வீட்டில் இருந்தவர்களில் நூற்றுக்கு 16.6 பேருக்குத்தான் நோய் தொற்றியிருந்தது. உறவைப் பிரித்துக் கணக்கிட்ட சில ஆராய்ச்சிகளை மட்டும் தனியே பார்த்தால், நோயாளியின் கணவனுக்கோ மனைவிக்கோ தொற்றியது 37.8, வீட்டிலிருந்த ஏனையோருக்கு 17.8. பின்னர் ஒமிக்ரான் என்ற திரிபு வந்தபோது குடும்பத் தொற்று 42.7 ஆக ஏறிவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பழைய எண்ணை நம்பி யாரேனும் அசட்டையாக இருந்துவிடக்கூடும்.

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு தனிப் பங்கு உண்டு. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் சுகாதார ஊழியர்கள், 'காய்ச்சல் எப்போது வந்தது, அதற்கு முன் யார் யாரோடு பேசினீர்கள், எவ்வளவு நேரம்' என்று வீடு வீடாகவும் தொலைபேசியிலும் விசாரித்துத் திரட்டிய பதிவேடுகளை ரமணன் லட்சுமிநாராயணனும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து, 2020-ஆம் வருஷமே 'சயன்ஸ்' பத்திரிகையில் வெளியிட்டார்கள். நோயாளிகள் 84,965 பேர். அவர்களோடு பழகியவர்கள் 5,75,071 பேர். பிரைமரி கான்டாக்ட் என்று பட்டியலில் ஏறி, வீட்டு வாசலில் தகரம் அடிக்கப்பட்டு, தெருவே ஒதுக்கி வைத்ததைச் சகித்தவர்கள் இந்த எண்ணுக்குள்ளே இருக்கிறார்கள். அந்தப் பதிவேடுகள் காட்டியது இது: நூற்றுக்கு 71 நோயாளிகள், தொடர்ந்து கண்காணிக்கப்பட்ட தங்கள் தொடர்பாளர்களில் ஒருவருக்கும் நோயைக் கொடுக்கவில்லை, வெறும் 8 பேரோ, புதிதாக வந்த தொற்றில் 60 பங்குக்குக் காரணமாயிருந்தார்கள். அதாவது இந்தக் கிருமி பெரும்பாலோரிடம் கஞ்சனாகவும், சிலரிடம் ஊதாரியாகவும் நடந்துகொள்கிறது. அந்தச் சிலர் பொல்லாதவர்கள் அல்ல. தேகத்தில் கிருமி உச்சத்தில் இருந்த ஓரிரண்டு நாளில், கதவடைத்த ஓர் அறையில், பலரோடு நெடுநேரம் பேசும்படி நேர்ந்துவிட்டவர்கள், அவ்வளவுதான்.

அறையின் காற்றைப் பற்றி இரண்டு உதாரணங்கள். 1977-இல் அலாஸ்காவில் 54 பேரோடு ஒரு விமானம், இயந்திரக் கோளாறினால் புறப்பட முடியாமல் தரையிலேயே சில மணி நேரம் நின்றது. காற்றோட்டக் கருவியும் ஓடவில்லை. உள்ளே ஒருவருக்கு இன்புளூயென்சா காய்ச்சல். மூன்று நாளுக்குள் நூற்றுக்கு 72 பேர் படுத்துவிட்டார்கள். பல வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தோம் என்ற ஆறுதல் ஒன்றும் எடுபடவில்லை. மற்றொன்று, 2020 ஜனவரியில் சீனாவின் குவாங்சோ நகரத்து உணவு விடுதியில் நடந்தது. ஏ.சி. காற்று போய்வந்த தடத்தில் இருந்த மூன்று மேஜைக் குடும்பங்களில், முதல் நோயாளியையும் சேர்த்துப் பத்துப் பேருக்கு நோய் கண்டது. அதே தளத்தில் பிற மேஜைகளில் உண்டவர்களுக்கும், அங்குமிங்கும் நடந்து பரிமாறியவர்களுக்கும் ஒன்றும் இல்லை. ஆறடிக்குள் பதினைந்து நிமிஷம் என்று பலரும் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் அளவுகோல், விசாரிக்கும் உத்தியோகஸ்தருக்குப் பட்டியல் எழுதச் சௌகரியமானதேயொழிய, காற்றுக்கு அந்த அளவுகோல் தெரியாது. தட்டம்மைக் கிருமியோ, நோயாளி எழுந்து போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அறைக் காற்றில் தங்கக்கூடியது. தொடர்பு என்பதற்கு அங்கே நேருக்கு நேர் சந்திப்பது கூட அவசியமில்லை.

ஆகவே வீட்டில் ஒருவர் இருமிக்கொண்டு படுத்தால், ஜன்னலைத் திறப்பது பாத்திரத்தைக் கொதிநீரில் போடுவதைக் காட்டிலும் பயனுள்ள காரியம். பணிவிடைக்கு ஒருவரே போய்வருவது, அவரும் நோயாளியும் முகக்கவசம் அணிவது, தனி அறை இல்லாத வீட்டில் படுக்கையைத் திண்ணைப் பக்கமோ காற்று வரும் மூலையிலோ மாற்றுவது என்பவை எல்லாருக்கும் தெரிந்தவை. பலருக்குத் தெரியாதது ஒன்று உண்டு: தட்டம்மை நோயாளியோடு பழகிவிட்ட குழந்தைக்கு, பழகிய 72 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டால், நோயைத் தடுக்க இன்னும் வழியுண்டு. பானும் எண்ணிக் கண்ட அந்தப் பதினான்கு நாள் இங்கே நம் பக்கம் நிற்கிறது. கிருமி நிதானமாகத் தயாராகிக்கொண்டிருக்கும்போது, பின்னால் புறப்பட்ட தடுப்பூசி முந்திக்கொள்கிறது.

பேரோ தீவுகளில் 1846-இல் அப்படி ஓர் ஊசி இல்லை. ஆனால் அங்கே முதியவர்கள் இருந்தார்கள். 1781-இல் சிறு பிள்ளைகளாகத் தட்டம்மையில் படுத்து எழுந்த 98 கிழவர்களையும் கிழவிகளையும் பானும் தாமே கண்டு விசாரித்திருக்கிறார். ஏறக்குறைய ஊர் முழுவதும் படுத்துக் கிடந்த அந்தக் கோடையில், அவர்களில் ஒருவருக்குக் கூட அது திரும்ப வரவில்லை. அதே வயதினராக இருந்தும், இளமையில் அந்த நோய்க்குத் தப்பியிருந்தவர்கள் மட்டும், தொடர்பு நேர்ந்தவுடன், அறுபத்தைந்து வருஷம் தாமதமாகப் படுத்தார்கள்.