மேட்டூர் சாம்பலும் தருமபுரி ஜல்லியும்

தருமபுரி மாவட்டத்தின் தென்கோடியில் உள்ள தொப்பூரிலிருந்து மேச்சேரி வழியாக மேட்டூருக்குப் போகும் சாலையில், சிமென்ட் இல்லாமல் கான்கிரீட் போடத் தேவையான சரக்கு ஏறக்குறைய முழுவதும் கிடைத்துவிடும். மேச்சேரியை அடுத்த பொட்டனேரியில் ஜே.எஸ்.டபிள்யூ. இரும்பாலை, அதன் ஊதுலையிலிருந்து கசடு வருகிறது. மேட்டூரில் 1,440 மெகாவாட் அனல்மின் நிலையம். அங்கே நிலக்கரி எரிந்து சாம்பல் மிஞ்சுகிறது. அதே ஊரில் காஸ்டிக் சோடாவும் தயாராகிறது. கருங்கல் ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் தருமபுரிக்காரர்கள் வெளியூர் போக வேண்டியதே இல்லை.

சிமென்டை ஏன் தவிர்க்க வேண்டும்? சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1,450 டிகிரி சூட்டில் சுட்டுத்தான் அது உருவாகிறது. சூளைக்கு எரியும் நிலக்கரி ஒரு பக்கம் இருக்கட்டும், கல்லுக்குள்ளேயே பூட்டிக் கிடக்கும் கார்பன் டை ஆக்சைடும் அந்தச் சூட்டில் வெளியேறுகிறது. உலகம் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் 7 முதல் 8 விழுக்காடு சிமென்டால் வருவது.

சாம்பல் நமக்குப் புதிதல்ல. கடையில் வாங்கும் பிபிசி சிமென்டிலேயே 15 முதல் 35 விழுக்காடு வரை அதுதான் இருக்கிறது. சிமென்டை முழுக்க விலக்குவது அதற்கு அடுத்த படி. சாம்பலிலும் கசடிலும் சிலிக்காவும் அலுமினாவும் நிறைய உண்டு. காஸ்டிக் சோடாவும் சோடியம் சிலிகேட்டும் கலந்த காரக் கரைசல் அவற்றைக் கரைக்கிறது; கரைந்தவை மறுபடி வலைபோலப் பின்னிக்கொண்டு கல்லாக இறுகுகின்றன. 1970-களின் இறுதியில் இதற்கு ஜியோபாலிமர் என்று பெயர் வைத்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் ஜோசப் டேவிடோவிட்ஸ். ஆஸ்திரேலியாவில் 2014-இல் திறக்கப்பட்ட வெல்கேம்ப் விமான நிலையத்தில் இவ்வகைக் கான்கிரீட் சுமார் 40,000 கனமீட்டர் போடப்பட்டிருக்கிறது. கனத்த விமானங்கள் அதன் மேல் நிற்கின்றன. ஆகவே வலிமையைப் பற்றிச் சந்தேகப்பட வேண்டியதில்லை.

சிக்கல் கலவையின் இளக்கத்தில் இருக்கிறது. சாம்பல் துகள்கள் உருண்டையானவை. கலவை நன்றாக ஓடும். ஆனால் சாம்பலை மட்டும் நம்பினால் 60 டிகிரிக்கு மேல் சூடு காட்டினால்தான் சீக்கிரம் இறுகும். கசடு சேர்த்தால் அதிலுள்ள கால்சியம் சாதாரண வெயிலிலேயே இறுக்கிவிடும். அளவு கூடினாலோ, கொத்தனார் மட்டம் பார்த்து முடிப்பதற்குள் கட்டிதட்டிப் போகும். கரைசலே பிசுபிசுப்பானது. வழக்கம்போல ஒரு குடம் தண்ணீர் ஊற்றி இளக்கினால் காரம் நீர்த்து வலிமை போய்விடும். சிமென்டுக்கென்று செய்த இளக்கிகளில் பல இந்தக் காரத்தில் சிதைந்துவிடுகின்றன. சாம்பலும் கசடும் எந்த விகிதம், கரைசல் எவ்வளவு அடர்த்தி என்பதை ஒவ்வொரு ஆலைச் சரக்குக்கும் தனித்தனியே சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அதைவிட முக்கியமானது கையாளுபவர்களின் உடம்பு. காஸ்டிக் சோடா தோலை அரிக்கும். கண்ணில் பட்டால் பார்வை போகலாம். வெறுங்கையோடு கலவை அள்ளும் சித்தாள்களிடம் இதைக் கொடுப்பது கொடுமை. கரைசல் தயாரிக்க மின்சாரமும் நிறையச் செலவாகிறது. கார்பன் கணக்கில் அதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சென்னை தரமணியில் உள்ள மத்திய அரசின் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம் இந்தக் கான்கிரீட்டை ஆராய்ந்து வந்திருக்கிறது. 2020-இல் வெளியான இந்தியத் தர வழிகாட்டுதல் ஐஎஸ் 17452, இதை முன்வார்ப்புப் பொருள்களுக்கென்றே வகுத்திருக்கிறது. அது சரியான எல்லை. பட்டறையில் கரைசலை எடை போட்டுக் கலக்கலாம், கையுறையும் கண்ணாடியும் கட்டாயமாக்கலாம், நீராவியில் பதப்படுத்தலாம். தருமபுரியில் ஹாலோ பிளாக் வார்க்கும் பட்டறைகள் பேவர் கல், சாக்கடை மூடி, வேலிக்கால் ஆகியவற்றில் இதைத் தொடங்கலாம். வீட்டுத் தளத்துக்கு இப்போதைக்கு வேண்டாம்.