தேடல் அவருடையது... துணை உங்களுடையது!

சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளையை, "உன்னைத் தவிட்டுக்குத்தானே வாங்கினோம்" என்று சீண்டாத வீடு தமிழ்நாட்டில் குறைவு. பிள்ளை அழும், பாட்டி சிரித்துக்கொண்டே தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வார். விளையாட்டு அத்தோடு முடிந்துவிடும். ஆனால், உண்மையிலேயே தத்தெடுக்கப்பட்ட ஒருவருக்கு, வளர்ந்த பிறகும் அந்த வார்த்தை சுருக்கென்று தைக்கலாம்.

திருநெல்வேலிப் பக்கம் இந்த வலிக்கு வாய்ப்புகள் அதிகம். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர், "எந்த ஊரு, யாரு மவன்?" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். பங்குனி உத்திரத்துக்கு ஆளாளுக்குத் தங்கள் சாஸ்தா கோயிலுக்குக் கிளம்பிவிடுவார்கள். ஆடி அமாவாசையன்று தாமிரபரணிப் படித்துறைகளில் முன்னோர் பெயர் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைப்பார்கள். வளர்த்தவர்களின் சாஸ்தாவையே தன் சாஸ்தாவாகக் கும்பிட்டு வளர்ந்தவருக்கும், 'என்னைப் பெற்றவர்களுக்கு எந்தக் கோயில்?' என்ற கேள்வி அன்றைக்கு எழலாம். "வீட்ல யாருக்காவது சுகர் இருக்கா?" என்று டாக்டர் கேட்கும்போதும், பிறந்த குழந்தையைப் பார்த்து "யார் ஜாடை?" என்று உறவினர்கள் கேட்கும்போதும் அதே கேள்வி திரும்ப வரும்.

இது நன்றிகெட்டத்தனம் அல்ல. தத்தெடுப்பில் வாழ்நாள் முழுக்கத் தொடரக்கூடிய ஏழு விஷயங்களை அமெரிக்காவின் டெபோரா சில்வர்ஸ்டீன், ஷரன் கப்லான் இருவரும் 1982-ல் பட்டியலிட்டார்கள். இழப்பு, ஒதுக்கப்பட்ட உணர்வு, குற்றவுணர்வும் வெட்கமும், துக்கம், அடையாளம், நெருங்கிப் பழகுவதில் தயக்கம், தன் வாழ்க்கை தன் கையில் இல்லை என்ற எண்ணம் ஆகியவையே அவை. எல்லோருக்கும் ஒரே அளவில் வராது. ஆனால், அன்பு நிறைந்த வீட்டில் வளர்ந்தவருக்கும் வரலாம்.

ஆறுதல் என்ற பெயரில்...

"உனக்கென்னடே குறை? தங்கமான அப்பா அம்மா" என்பது நல்ல எண்ணத்தில் சொல்லப்படுவதுதான். ஆனால், அதற்குமேல் நண்பரால் பேச முடியாது. "பெத்தவங்க கல்நெஞ்சக்காரங்க" என்று அவருக்காகக் கோபப்படுவதும் உதவாது. அந்த ரத்தம்தானே தனக்குள்ளும் ஓடுகிறது என்று அவர் நினைப்பார். "எனக்கு முழுசாப் புரியல. நீ சொல்லு, நான் கேக்கேன்" என்பது போதும். அவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லாமல் இருப்பது அதைவிட முக்கியம்.

பிறந்த நாளிலும் கவனம் தேவை. களக்காடு அருகே டோனாவூரில், 1901 முதல் ஏமி கார்மைக்கேல் ஆதரவற்ற குழந்தைகளை வளர்த்தார். பல குழந்தைகளின் பிறந்த தேதி தெரியாததால், அவர்கள் இல்லத்துக்கு வந்து சேர்ந்த நாளையே கொண்டாடும் வழக்கம் அங்கு இருந்தது. வளர்த்த பெண்களைக் குழந்தைகள் 'அக்காள்' என்றும் 'சித்தி' என்றும் அழைத்தார்கள். உறவு வளர்ப்பிலும் உண்டாகும் என்பதற்கு நெல்லையிலேயே இருக்கும் சாட்சி இது. இருந்தாலும், ஒரு வீட்டுக்கு வந்த நாள் இன்னொரு வீட்டைப் பிரிந்ததையும் நினைவூட்டக்கூடும். கேக்கோடு போய் நிற்கும் முன், "அன்னைக்கு எப்படி இருக்கணும்னு நினைக்கே?" என்று கேட்டுவிடுவது நல்லது.

நண்பர் துப்பறிய வேண்டாம்

பெற்றவர்களைத் தேட வேண்டும் என்று அவர் முடிவெடுத்தால்? நிறுவனம் வழியாகத் தத்தெடுக்கப்பட்டவர்களுக்கு, 2022-ம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகள் வழிகாட்டுகின்றன. 18 வயது நிறைந்தவர், தன்னைத் தத்துக் கொடுத்த நிறுவனத்திடமோ, மத்திய அமைப்பான 'காரா'விடமோ தானே விண்ணப்பிக்கலாம். 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால், வளர்க்கும் பெற்றோரும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். குழந்தையை ஒப்படைத்த பெற்றோர் தங்கள் அடையாளத்தை மறைக்கக் கேட்டிருந்தால், அவர்களின் எழுத்துபூர்வமான சம்மதம் தேவை. அவர்கள் மறுத்தாலோ, கண்டுபிடிக்க முடியாவிட்டாலோ, எந்தச் சூழ்நிலையில் ஒப்படைத்தார்கள் என்பது தெரிவிக்கப்படும்.

மூன்றாம் நபர் தேடுவதற்கு அனுமதி இல்லை. நண்பரும் மூன்றாம் நபர்தான்! பழைய முகவரிக்குப் போய் டீக்கடையில் விசாரிப்பது, ஃபேஸ்புக்கில் போட்டோ போடுவது எல்லாம் வேண்டாம். பெற்ற தாய் இன்று வேறொரு குடும்பத்தில், யாரிடமும் இதைச் சொல்லாமல் வாழ்ந்துகொண்டிருக்கலாம். விண்ணப்பம் எழுத உதவுவது, பழைய தத்து ஆவணங்களைத் தேடி எடுப்பது, அலுவலக பெஞ்சில் கூட உட்கார்ந்திருப்பது... இவைதான் நண்பருக்கான வேலைகள்.

தேடினால் வளர்த்தவர்களை விட்டுப் போய்விடுவாரோ என்ற பயம் பல வீடுகளில் உண்டு. 1987-ல் ஆஸ்திரேலியக் குடும்பத்துக்குத் தத்துப் போன சரூ பிரையர்லி, 2012-ல் மத்தியப் பிரதேசத்தின் கண்ட்வாவில் பெற்ற தாயைக் கண்டுபிடித்தார். 'லயன்' படம் அவருடைய கதைதான். அவர் வளர்த்தவர்களை விட்டுவிடவில்லை. வளர்த்த தாயும் இந்தியா வந்து பெற்ற தாயைச் சந்தித்தார்.

பதிலே கிடைக்காவிட்டால்?

தமிழ்நாட்டில் தொட்டில் குழந்தை திட்டம் 1992-ல் சேலத்தில் தொடங்கியது. அப்போது தொட்டிலில் விடப்பட்ட பிள்ளைகளுக்கு இன்று 30 வயதுக்கு மேல். கொண்டுவந்து விட்டவர் பெயரே சொல்லாமல் போயிருந்தால், கோப்பில் தேடினாலும் பெயர் இருக்காது. அப்படிப்பட்ட நாளில் "விடு, மறந்துரு" என்று சொல்லாதீர்கள். அது இறப்புக்கு நிகரான துக்கம். துஷ்டி வீட்டில் உட்காருவது போல, பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள்.

பாபநாசம் மலையில், காரையாற்றில் இருக்கும் சொரிமுத்து அய்யனாரை, குலதெய்வம் தெரியாதவர்கள் தங்கள் குலதெய்வமாக ஏற்றுக் கும்பிடுவது வழக்கம். வேர் தெரியாதவர்களுக்கும் இந்த மண் இடம் வைத்திருக்கிறது. நண்பருக்கு நம்பிக்கை இருந்து, அவராகக் கூப்பிட்டால், கூடப் போய் வாருங்கள்.

தூக்கமில்லாமல் தவித்தாலோ, வாழவே பிடிக்கவில்லை என்று பேசினாலோ, நட்பு மட்டும் போதாது. 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் இலவசமாக மனநல ஆலோசனை கிடைக்கும். தயங்கினால், நீங்களே எண்ணை அழுத்தி போனை அவர் கையில் கொடுங்கள். கடிதம் வந்த அன்று எல்லோரும் விசாரிப்பார்கள். ஒரு மாதம் கழித்து, யாரும் கேட்காத ஒரு சாயங்காலத்தில், "எப்படி இருக்கே?" என்று நீங்கள் கேளுங்கள்.