குளிரில் கறுக்கும் வெள்ளை முயல்

ஜூன் 13-ஐ அல்பினிச விழிப்புணர்வு தினமாக ஐக்கிய நாடுகள் சபை 2014-ல் தீர்மானித்ததிலிருந்து, அந்தத் தேதி நெருங்கும்போதெல்லாம் துண்டுப் பிரசுரங்களும், அவற்றைப் படித்துக் குழம்பிய வாசகர்களின் கடிதங்களும் ஒருசேர வந்து மேஜையில் குவிகின்றன. 'நிறமி அறவே இல்லாத நிலை' என்று பிரசுரங்கள் ஒரே வரியில் இலக்கணம் வகுத்துவிடுகின்றன. கண் சிவந்த வெள்ளை முயலொன்றின் காதும் மூக்கும் மட்டும் கறுத்திருப்பதேன் என்று கேட்டால் அந்த இலக்கணத்திடம் பதில் இல்லை.

இமாலய முயல் என்பது அந்த ஜாதியின் பெயர். இமயத்துக்கும் அதற்கும் உள்ள சம்பந்தம் வளர்ப்போர் சொல்வதோடு சரி. மெலனின் என்னும் நிறமியை உண்டாக்கத் தொடங்கிவைக்கும் டைரோசினேஸ் என்ற என்சைம், சுத்த அல்பினோ முயலில் ஜீன் பிழையால் பயனற்றுப் போகிறது. இமாலய முயலிலோ அதே ஜீனில் வேறொரு பிழை நேர்ந்திருப்பதால், அந்த என்சைம் உருவாகியும், தேகத்தின் இயல்பான உஷ்ணத்தில் வெயிலில் வைத்த பால்போல் கெட்டு, சற்றே குளிர்ந்த ஓரங்களான காதிலும் மூக்கு நுனியிலும் பாதங்களிலும் வாலிலும் மட்டும் தன் காரியத்தைச் செய்கிறது. கண்ணின் உட்புறம் குளிர்வதற்கு இடமில்லை. ஆகவே அது நிறமின்றி ரத்தச் சிவப்பையே காட்டுகிறது.

முதுகு ரோமத்தை மழித்து அங்கே பனிக்கட்டிப் பையைக் கட்டிவைத்தால் புதிதாக முளைப்பது கறுப்பாகவே முளைக்கும். ஏற்கெனவே முளைத்துவிட்ட வெள்ளை ரோமத்தை எந்தக் குளிரும் மாற்றாது. தாயின் கதகதப்பில் வெள்ளையாய்ப் பிறக்கும் குட்டி, கூட்டுக்கு வெளியே குளிர்ந்து கிடந்தால் சாம்பல் பூத்துவிடும். சியாமியப் பூனையின் கறுத்த முகத்துக்கும் இதே விதிதான். கண்காட்சிகளில் அடர்ந்த கறுப்பைக் குலச்சிறப்பென்று மெச்சும் நடுவர்கள், அந்தப் பாராட்டில் ஒரு பங்கைக் குளிர்காலத்துக்குக் கொடுப்பதே நியாயம்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக. வெள்ளைப் புலி அல்பினோ அன்று; கோடுகளும் நீலக் கண்களும் அதற்கு உண்டு. 1951-ல் ரீவாவில் பிடிபட்ட மோகன் என்ற வெள்ளைப் புலியின் சந்ததியை மிருகக்காட்சிசாலைகள் நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேர்த்துப் பெருக்கிவிட்டு, அதை 'அரிய இனப் பாதுகாப்பு' என்பது வேடிக்கை.

வெள்ளை மயிலும் அல்பினோ அன்று; அதன் கண் சிவப்பன்று.

தாவரங்களில் அல்பினோ என்பது பச்சையமற்ற நாற்று; அது விதையின் சேமிப்பு தீர்ந்ததும் மடியும். கலிபோர்னியாவின் வெள்ளை ரெட்வுட் மட்டும் தாய்மரத்தின் வேரை அண்டிப் பிழைக்கிறது.

மனிதரில் அல்பினிசம் தொற்றாது. பார்வைக் குறைவும் வெயிலும்தான் தொல்லை.

பெற்றோர் இருவரும் அல்பினோவாயினும், பிழைகள் வெவ்வேறு ஜீன்களில் இருந்தால், குழந்தை நிறத்தோடு பிறக்கும்.