இணையத்தில் தெரியும் விலையை எடுத்து விற்கலாமா?

ஜொகூர் பாருவில் கோழி என்ன விலை, குளுவாங்கில் என்ன விலை என்று ஒப்பிட்டுக் காட்டும் செயலியைச் செய்து சம்பாதிக்க ஓர் இளைஞர் நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பேரங்காடிகளின் இணையத்தளங்களில் விலை எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. எடுத்துக்கொள்ளலாமா?

ஒரு கிலோ கோழியின் விலை வெறும் தகவல். அதற்கு யாரும் பதிப்புரிமை கோர முடியாது. ஆனால், 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு, சுயமாகத் தேர்ந்து அடுக்கிய தரவுத் தொகுப்பைப் பாதுகாக்கிறது. அதைவிட வில்லங்கமானவை, பலரும் படிக்காமலே ‘சரி’ என்று தட்டிவிடும் நிபந்தனைகள். விமானக் கட்டணங்களை ஒப்பிட்டுக் காட்டிய டச்சு நிறுவனம் ஒன்றின்மீது ரயன்ஏர் தொடுத்த வழக்கில், ஐரோப்பிய நீதிமன்றம் 2015-இல் அதைத்தான் சொன்னது: பதிப்புரிமை இல்லாத தரவானாலும், தளத்தின் நிபந்தனை அதன் பயன்பாட்டுக்குத் தடை போடலாம். அத்தீர்ப்பு மலேசியாவைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும், 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் உள்ள இங்கும் அதே வாதம் எழலாம்.

இத்தனை தலைவலி தேவையில்லை. உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு ‘பிரைஸ்கேட்சர்’ திட்டத்தில் திரட்டும் கடை விலைகளை அரசே தன் திறந்த தரவுத் தளத்தில் ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ உரிமத்தின்கீழ் வெளியிடுகிறது. ஜொகூர் கடைகளும் அதில் உண்டு. வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். எடுத்த இடத்தைக் குறிப்பிட வேண்டும். மாற்றம் செய்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.