சைக்கிள் டியூபும் வயிற்றுத் தமனியும்

வயிற்றுக்குள் இறங்கும் பெருந்தமனியின் விட்டம் சாதாரணமாகச் சுமார் 2 சென்டிமீட்டர். அது 3 சென்டிமீட்டரைத் தொட்டால் ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘அனியூரிசம்’ என்று எழுதிவிடுவார்கள். 2.9 என்றால் ‘சற்று விரிந்துள்ளது’ என்பதோடு விஷயம் முடிந்துவிடும். இது மருத்துவர்கள் வசதிக்காகப் போட்டுக்கொண்ட கோடு. அந்த ஒரு மில்லிமீட்டரில் தமனிக்குள் புதிதாக எதுவும் நடந்துவிடுவதில்லை. நடப்பது பல ஆண்டுகளாக, சத்தமே இல்லாமல் நடந்துகொண்டிருக்கிறது.

வாசகர் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் குழப்பம் ஒன்று: வீங்கிய இடத்தில் ரத்த அழுத்தம் அதிகமாக இருக்குமா? இருக்காது. வீங்கிய இடத்திலும் அதற்கு மேலும் கீழும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். கூடுவது குழாய்ச் சுவரின் மேல் விழும் இழுவிசை. குழாயின் ஆரம் எத்தனை மடங்கோ, அதே அழுத்தத்தில் சுவரைக் கிழிக்கப் பார்க்கும் இழுப்பும் அத்தனை மடங்கு. நீர்த்துளிகளின் வளைவை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸ் 1806இல் எழுதிய கணக்கிலிருந்து வருவது இது. 120 என்ற அழுத்தத்தில், 2 சென்டிமீட்டர் தமனியின் சுவரில் ஒரு சென்டிமீட்டர் அகலப் பட்டை தாங்கும் பளு ஏறக்குறைய 160 கிராம். அதே தமனி 5.5 சென்டிமீட்டராகப் பெருத்தால் அந்தப் பட்டையில் தொங்குவது சுமார் 450 கிராம். போதாக்குறைக்கு, விரிந்த சுவர் மெலிந்தும் போயிருக்கும். ஒற்றைச் செல் தடிமனே உள்ள தந்துகி வெடிக்காமல் இருப்பதும் இதே கணக்கால்தான். அதன் ஆரம் அவ்வளவு சிறியது.

அப்படியானால் வீக்கமே வீக்கத்தை வளர்க்க வேண்டுமே, எல்லார் தமனியும் ஏன் புடைத்துவிடவில்லை? கவலையும் வியப்பும் ஒருசேரத் தரும் இடம் இதுதான். டயருக்கு வெளியே எடுத்த சைக்கிள் டியூபுக்குக் காற்று அடித்தால் அது சீராகப் பெருக்காது. ஏதோ ஓரிடம் முட்டை போலப் புடைக்கும். அதன்பின் அடிக்கிற காற்றெல்லாம் அந்தப் புடைப்புக்கே போகும். மற்ற இடம் ஒல்லியாகவே கிடக்கும். ஒருமுறை பெருத்துவிட்ட ரப்பரை மேலும் பெருக்க முன்னைவிடக் குறைந்த அழுத்தமே போதும் என்பதே காரணம். டயருக்குள் வைத்து அடித்தால் புடைப்பு வராது. டியூப் ஓரளவு விரிந்ததும் டயர் பிடித்துக்கொள்கிறது.

தமனிச் சுவரில் டியூபும் டயரும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. எலாஸ்டின் இழைகள் ரப்பர் போல நீண்டு சுருங்கும். கொலாஜன் இழைகள் தளர்ந்த கயிறாகச் சுருண்டு கிடந்து, சுவர் ஓரளவு விரிந்ததும் விறைத்து இறுகும். 1957இல் கனடாவில் ரோச், பர்ட்டன் என்ற இருவர் மனிதத் தமனித் துண்டுகளில் ஒரு முறை எலாஸ்டினையும் மறுமுறை கொலாஜனையும் நீக்கிவிட்டு மிச்சத்தை விரித்துப் பார்த்து இந்த வேலைப் பங்கீட்டைக் காட்டினார்கள். ஆரம் கூடுவதைவிட வேகமாக விறைப்பு கூடுவதால், ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் துடிப்புகளைத் தாங்கியும் நல்ல தமனி புடைப்பதில்லை.

சிக்கல் எலாஸ்டினில் தொடங்குகிறது. உடல் அதைக் கருவிலும் சிறுவயதிலும் செய்து முடித்துவிடுகிறது. பிறகு புதிதாகச் செய்வது மிகச் சொற்பம். வயது, அழற்சி, எல்லாவற்றுக்கும் மேலாகப் புகைபிடித்தல் ஆகியவை அதை அரிக்கின்றன. சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழே உள்ள பகுதியில் எலாஸ்டின் அடுக்குகள் மார்புப் பகுதியைவிடக் குறைவு. வீக்கம் அதிகம் வருவதும் அங்கேதான். எலாஸ்டின் போனால் குழாய் விரியும், கொலாஜனும் போனால் வெடிக்கும் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன.

ஐன்ஸ்டைனுக்கு இருந்தது இதே வீக்கம். 1948 டிசம்பரில் ருடால்ஃப் நிசென் என்ற அறுவை மருத்துவர் அவர் வயிற்றைத் திறந்து, தமனியைச் சுற்றி செலோஃபேன் தாளைப் போர்த்தினார். தாள் உடலை உறுத்தித் தழும்புத் திசுவை வளர்க்கும், அது வீக்கத்தை இறுக்கும் என்பது எண்ணம். டியூபுக்கு வெளியே ஒரு டயர் கட்டிய மாதிரி. ஆறு ஆண்டுகளுக்கு மேல் தாங்கியது. 1955 ஏப்ரலில் அது வெடித்தபோது மறு அறுவை வேண்டாம் என்று மறுத்து, 18ஆம் தேதி இறந்தார்.

இன்று ஆண்களுக்கு 5.5, பெண்களுக்கு 5 சென்டிமீட்டர் வந்தால் அறுவை என்பது பரவலான வழிகாட்டல். இந்த எண்கள் பிறந்த ஆய்வுகளில் இருந்தவர்களில் பெரும்பாலோர் மேற்கத்திய ஆண்கள். அவற்றில் ஒன்றான பிரிட்டன் ஆய்வில் பெண்களுக்கு வெடிப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. ஒல்லியான, குள்ளமான உடலில் 5 சென்டிமீட்டர் எவ்வளவு பெரிது என்பதை அந்த எண் கேட்பதில்லை. ‘5.5க்குக் கீழ் பாதுகாப்பு’ என்று யாராவது சொன்னால், அறுவையின் ஆபத்து அங்கே வெடிப்பின் ஆபத்தைவிடக் குறைவாக இல்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

1990இல் புவெனஸ் ஐரிசில் பரோதி என்ற மருத்துவர் தொடங்கிவைத்த ஸ்டென்ட் கிராஃப்ட் முறை, தொடை வழியாக உள்ளே ஒரு புதிய குழாயைச் செருகி, பழைய சுவரைப் பளுவிலிருந்து விடுவிக்கிறது. வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையோடு ஒப்பிட்டால் முதல் மாதத்தில் இறப்பு குறைவு என்பது உண்மை. அந்த லாபம் சில ஆண்டுகளில் கரைந்துவிட்டதை நீண்ட கால ஆய்வு காட்டியது. விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை. ஓரத்தில் ரத்தம் கசிந்தால் பழைய சுவர் மீண்டும் பளு தாங்க வேண்டும், அதனால் ஸ்கேன் ஆயுள் முழுக்க.

மற்ற கேள்விகள். அறிகுறி என்ன? பெரும்பாலும் எதுவும் இல்லை. திடீரென்று வயிற்றிலோ முதுகிலோ கடும் வலி வந்தால் நிமிடம் தாமதிக்கக் கூடாது. வீக்கத்தைச் சுருக்க மாத்திரை உண்டா? நிரூபிக்கப்பட்டது எதுவும் இல்லை. பரம்பரையா? அப்பாவுக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் வாய்ப்பு கூடும். பரிசோதனைத் திட்டம்? பிரிட்டனில் 65 வயதாகும் ஆண்களை அழைக்கிறார்கள். இந்தியாவில் அப்படி ஒரு தேசியத் திட்டம் இல்லை. சர்க்கரை நோயாளிகளுக்கு? இந்த வீக்கம் குறைவாகவே வருகிறது. காலில் நரம்பு சுருட்டிக்கொள்வது? அது சிரையின் வால்வுப் பழுது, வேறு நோய். பெருங்குடலின் கீழ்ப்பகுதி அடைபட்டால் வெடிப்பது எங்கே? பெரும்பாலும் அடைப்புக்குத் தொலைவில், குடல்வால் ஒட்டியிருக்கும் தொடக்கப் பையில். பெருங்குடலில் அகலமான இடம் அதுதான்; இங்கும் அதே லாப்லாஸ் கணக்கு.