அனுப்பியாச்சு... போய்ச் சேர்ந்ததா?

சி மொழியில் நெட்வொர்க் புரோகிராம் எழுதும் ஜூனியர்கள் லேபில் என்னிடம் அடிக்கடி சொல்வது இது: "சென்ட் ஃபங்ஷன் சரியாத் திரும்பி வந்துடுச்சு, அப்போ மெசேஜ் போய்ச் சேர்ந்தாச்சு." அப்படி இல்லை. நம் பைட்டுகள் நம்முடைய கம்ப்யூட்டரின் கெர்னல் பஃபருக்குள் போயின என்பது மட்டுமே அதற்குப் பொருள். தபால் பெட்டியில் கடிதம் போட்ட மாதிரிதான்!

சாக்கெட் முறை 1983-இல் பெர்க்லியின் 4.2 பி.எஸ்.டி. யூனிக்ஸ் மூலம் பரவியது. சாதாரண சாக்கெட்டில், பஃபர் நிரம்பியிருந்தால் இடம் கிடைக்கும்வரை சென்ட் அங்கேயே நின்றுவிடும். ஒருவருடைய இலை காலியாகட்டும் என்று சாம்பார் வாளியோடு அவர் முன்னாலேயே நிற்கிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். பந்தியில் மற்றவர்கள் கதி என்ன?

எனவேதான் சாக்கெட்டை நான்-பிளாக்கிங் ஆக்குகிறோம். இப்போது இடம் இல்லையென்றால் சென்ட் -1 கொடுத்து, எர்நோவில் 'ஈ-அகெய்ன்' என்று வைத்து உடனே திரும்பிவிடும். இது கோளாறு அல்ல, "அப்புறம் வா" என்கிற பதில். எந்த சாக்கெட்டில் இடம் இருக்கிறது என்று கேட்க செலக்ட், போல் ஆகியவை உண்டு. லினக்ஸில் 2002-இல் ஈபோல் சேர்ந்தது. இவற்றைக் கொண்டு ஒரே திரெட் ஆயிரக்கணக்கான இணைப்புகளைக் கவனிக்கலாம்.

கவனிக்க வேண்டியவை மூன்று.

1. நாம் 10,000 பைட் கொடுத்தால் சென்ட் 6,000 மட்டும் வாங்கிக்கொள்ளலாம். மீதி 4,000-ஐ நம் கியூவில் வைக்க வேண்டும். கியூ காலியாகும் முன் புது மெசேஜை நேராக அனுப்பினால், ஒரு மெசேஜின் நடுவில் இன்னொன்று புகுந்துவிடும். டி.சி.பி.க்கு மெசேஜின் எல்லை தெரியாது. அதற்கு எல்லாம் பைட் வரிசைதான்.

2. கியூ காலியானதும் "எழுத இடம் இருக்கா?" என்று கேட்பதை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் "இருக்கு, இருக்கு" என்று பதில் வந்துகொண்டே இருக்கும், சி.பி.யு. சும்மா சுற்றும்.

3. மெமரி விஷயம். நோட்.ஜேஎஸ்-க்காக உருவான லிப்-யூவி என்ற சி லைப்ரரியில், யூவி-ரைட் உடனே திரும்பிவிடும். ஆனால் கால்பேக் வரும்வரை நாம் கொடுத்த பஃபர் அப்படியே இருக்க வேண்டும். லோக்கல் அரேயைக் கொடுத்தால், சின்ன மெசேஜ்கள் அந்த நொடியே போய்விடுவதால் லேபில் நன்றாகத்தான் ஓடும். லைன் மெதுவாகும் நாளில் குப்பை போகும்! ஃப்ரீ செய்ய வேண்டிய இடம் கால்பேக்.

சரி, கால்பேக்கில் ஸ்டேட்டஸ் 0 வந்தால் சேர்ந்துவிட்டதா? அதுவும் கெர்னல் வாங்கிக்கொண்டது என்ற அளவுதான். அந்த நேரத்தில் மறுமுனையில் கரண்ட் போனால் மெசேஜ் அம்பேல். அரட்டை மெசேஜ் என்றால் பரவாயில்லை. "மோட்டாரை நிறுத்து" என்ற கட்டளையாக இருந்தால்?

ஆகவே முக்கியமான ஒவ்வொரு மெசேஜுக்கும் ஒரு நம்பர் போடுங்கள். மறுமுனை வேலையை முடித்தபின் அந்த நம்பரைத் திருப்பி அனுப்பட்டும். குறித்த நேரத்தில் வராவிட்டால் மறுபடி அனுப்புங்கள். ஏற்கெனவே செய்த நம்பர் மீண்டும் வந்தால், மறுமுனை வேலையைத் திரும்பச் செய்யாமல் பதிலை மட்டும் அனுப்பட்டும்.

"அனுப்பியாச்சு" என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். "கிடைச்சுது" என்று சொல்ல வேண்டியது மறுமுனைதான். உங்கள் புராஜெக்டில் அந்தப் பதிலுக்கும் நாலு வரி எழுதுங்கள்.