விறகுக் கரியும் உலை இரும்பும்

ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் அன்றாடம் உருவாகி வெளிவரும் கார்களையும் லாரிகளையும் கண்டு வியக்கிறவர்களில் மிகச் சிலரே, அவற்றுக்கு உடலாக அமைந்த எஃகு பெரும்பாலும் நிலக்கரியின் தயவால் பிறந்தது என்பதையும், ஊதுலை வழியே ஒரு டன் எஃகு கிடைப்பதற்குள் ஏறக்குறைய இரண்டு டன் கரியமில வாயு ஆகாயத்தில் கலந்துவிடுகிறது என்பதையும் எண்ணிப் பார்க்கிறார்கள். உலையில் கரியின் வேலை உஷ்ணம் தருவதோடு தீர்ந்துவிடுவதில்லை. அதிலிருந்து உண்டாகும் கார்பன் மோனாக்ஸைடு, தாதுவில் இரும்போடு பிணைந்துள்ள பிராணவாயுவைப் பிரித்து எடுத்துக்கொள்வதால்தான் இரும்பு தனியே இறங்குகிறது.

அந்தக் கரியை நிலத்துக்கு அடியிலிருந்து தோண்டாமல் மரத்திலிருந்தே பெறுவது நம் நாட்டுக்குப் புதிதன்று. கஞ்சமலைத் தாதுவை உருக்கிய சேலத்துக் கொல்லர்கள் மரக்கரியையே நம்பியிருந்தார்கள்; இரும்புத் துண்டுகளோடு காய்ந்த ஆவாரங் குச்சியையும் எருக்கிலையையும் மூசையில் இட்டு மூடிக் காய்ச்சி, உயர்ந்த எஃகும் செய்தார்கள். 1830-ஆம் ஆண்டில் ஜோசையா மார்ஷல் ஹீத் பரங்கிப்பேட்டையில் ஸ்தாபித்த ஆலையும் சேலத்துத் தாதுவை மரக்கரி கொண்டே உருக்கி இங்கிலாந்துவரை இரும்பு அனுப்பியது. ஆனால் பக்கத்துக் காடுகள் குறையக் குறையக் கரியின் விலை ஏறி, அந்த நூற்றாண்டு முடியுமுன்பே அதன் உலைகள் அணைந்தன.

மரக்கரியில் கந்தகம் மிகவும் சொற்பம் என்பது அதன் பெருமை. பலம் போதாமை அதன் குறை: பெரிய ஊதுலையில் மேலிருந்து அழுத்தும் தாதுவின் பாரத்தைத் தாங்க மாட்டாமல் அது நொறுங்கிவிடும். பிரேசிலில் யூகலிப்டஸ் கரியால் நடக்கும் உலைகள் சிறியனவாக இருப்பதற்கு இதுவே காரணம். பெரிய உலைகளில் தாங்கும் வேலையை, நிலக்கரியைச் சுட்டுப் பெறும் கல்கரிக்கே விட்டுவிட்டு, தாவரக் கரியைப் பொடியாக்கி அடியிலுள்ள ஊதுகுழாய்கள் வழியே செலுத்துவதுதான் சாத்தியமான மார்க்கம். பச்சை விறகு அவ்வாறு பொடியாகாது. காற்றில்லாத கலத்தில் 200 முதல் 300 டிகிரி உஷ்ணத்தில் வறுத்துவிட்டாலோ, எடையில் முப்பது சதவீதம் போனாலும் எரிசக்தியில் பத்து சதவீதமே போய், எளிதில் நொறுங்குவதாகவும் ஈரம் பிடிக்காததாகவும் ஆகிவிடுகிறது.

ராமநாதபுரத்துச் சீமைக் கருவேலம் இதற்கு ஏற்றது என்பது என் எண்ணம். அகற்ற வேண்டுமென்று எல்லோரும் சொல்லுகிற மரம் அது. அங்கே விறகை நெருக்கி அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போர்த்தி, வெண்புகை நீலமாக மாறும் தருணம் பார்த்துத் துவாரங்களை அடைத்து, தட்டினால் கணீரென்று ஒலிக்கும் கரியை எடுக்கிற மூட்டக்காரர்களின் திறமை மெச்சத்தக்கது. ஆயினும் நாலைந்து டன் விறகுக்கு ஒரு டன் கரிதான் தேறுகிறது, மற்றது புகையாகப் போய் அவர்களுடைய நெஞ்சையே அரிக்கிறது. அந்தப் புகை அப்படி வீணாக வேண்டியதில்லை: 1923-இல் மரக்கரி ஊதுலையை ஏற்றிய பத்ராவதி இரும்பாலையில், விறகைக் கரியாக்கும்போது எழும் புகையைக் குளிரவைத்து, அதிலிருந்து மர ஆல்கஹாலும் தாரும் பிரித்தெடுத்தார்கள்.